ஸ்கோப்பில் கைப்பேசி: வீட்டில் செய்யும் அடாப்டர்கள் குறித்து ஒரு மதிப்பீடு

கோடியக்கரைச் சேற்றுவெளிகளில் குளிர்காலத்தில் வந்திறங்கும் கொசு உள்ளான், அலகு நுனியிலிருந்து வால்வரை அளந்தாலும் 15 சென்டிமீட்டரைத் தொடாது. ஆய்வாளர்கள் அதன் காலில் வண்ணக் கொடி மாட்டியிருந்தால், அந்தக் கொடியில் பொறித்த எழுத்துகளின் உயரம் சில மில்லிமீட்டர்தான். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நின்றால் பைனாகுலரில் கொடி ஒரு நிறப் புள்ளி. 40 மடங்கு பெருக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் எழுத்து தெரியும். தெரிந்த மறுநொடி பறவை திரும்பிக்கொள்ளும். பார்த்தது ஆங்கில ‘சி’யா, ‘ஜி’யா என்று பக்கத்தில் நிற்பவரோடு வாதாட வேண்டியதுதான்.

வாதத்தை முடித்துவைக்க ஒரு படம் வேண்டும். படமெடுக்கும் கருவி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதை ஸ்கோப்பின் ஐபீஸில் ஆடாமல் அசையாமல் உட்காரவைப்பதுதான் பிரச்சினை. கடையில் அடாப்டர் கிடைக்கிறது. நல்லதாக வேண்டுமென்றால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். வந்த பிறகு உங்கள் கைப்பேசிக்குச் சேராமலும் போகலாம். ஆகவே பறவை நோக்கர்கள் குழாய்க்கடைச் சாமான், அட்டை, பலகை, தேய்ந்த செருப்பு என்று கைக்கு அகப்பட்டதைக் கொண்டு தாங்களே செய்துகொள்கிறார்கள். அவற்றில் எது தேறும், எது வீண் வேலை என்று பார்ப்பதே இங்கே நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருளில் செய்கிறோம் என்பது இரண்டாம் பட்சம். மூன்று அளவுகள் சரியாக அமைந்தால் அட்டையும் வேலை செய்யும். பிசகினால் அலுமினியமும் உதவாது. ஐபீஸ் பக்கத்து உறுப்பையும் கைப்பேசிப் பக்கத்து உறுப்பையும் தனித்தனியாகச் செய்யாதவர், கைப்பேசி மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்குவார்.

மலேசியாவில் தொடங்கியது

ஸ்கோப்பின் வழியே டிஜிட்டல் கேமராவில் படமெடுக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் என்று லாரன்ஸ் போ என்ற மலேசியப் பறவை நோக்கரைச் சொல்வார்கள். 1999-இல் நிகான் கூல்பிக்ஸ் 950 கேமராவைத் தன் லைக்கா ஸ்கோப்பின் ஐபீஸில் வைத்துப் பார்த்தார். 2 மெகாபிக்சல் கேமரா அது. வந்த படங்கள் அன்றைய நிலையில் வியப்பூட்டின. அடுத்த சில ஆண்டுகளில் கூல்பிக்ஸ் 990, 4500 ஆகியவை உலகெங்கும் பறவை நோக்கர்களின் தோள்பையில் ஏறின.

அந்தக் கேமராக்கள் இதற்கு வாகாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீண்டு வராது. எல்லா அசைவும் உள்ளேயே நடக்கும். முன்விளிம்பில் 28 மி.மீ. மரை இருந்தது. மரை இருந்தால் வளையத்தைத் திருகலாம். வளையம் நின்றால் குழாயை மாட்டலாம். பிளம்பிங் சாமான்கள் இந்த வேலைக்குள் நுழைந்தது அப்போதுதான்.

கைப்பேசியில் மரை கிடையாது. லென்ஸ் நடுவில் இல்லாமல் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு மூன்று. முதுகு வழுக்குகிறது. எடை 200 கிராமை ஒட்டி வருகிறது. கேமராவாக எவ்வளவு முன்னேறியிருந்தாலும், எதிலாவது மாட்டுவதற்கு இதைவிட ஒத்துழைக்காத வடிவம் அமைவது கடினம்.

மூன்று அளவுகள்

ஸ்கோப்பைத் தொலைவிலுள்ள பொருளுக்கு ஃபோகஸ் செய்தால் ஐபீஸிலிருந்து ஒளிக்கதிர்கள் ஏறத்தாழ இணையாக வெளிவரும். நம் கண்ணின் வில்லை அவற்றைக் குவித்து விழித்திரையில் பிம்பமாக்குகிறது. கண் இருந்த இடத்தில் கைப்பேசி லென்ஸை வைத்தால் அதே வேலையை அது சென்சர்மீது செய்யும். கொள்கை இவ்வளவுதான். தொல்லையெல்லாம் “கண் இருந்த இடத்தில்” என்பதில் இருக்கிறது.

அந்த இடத்தை நேரிலேயே பார்த்துவிடலாம். ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்புங்கள். சூரியன் பக்கம் கண்டிப்பாகக் கூடாது. ஐபீஸுக்குப் பின்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தாளில் ஓர் ஒளிவட்டம் விழும். ஓரிடத்தில் அது மிகச் சிறியதாகவும் விளிம்பு கூர்மையாகவும் ஆகும். கேமராவின் லென்ஸ் இருக்க வேண்டிய இடம் அதுதான். ஐபீஸின் கடைசிக் கண்ணாடியிலிருந்து அந்த இடம் பெரும்பாலான ஸ்கோப்புகளில் 15 முதல் 20 மி.மீ. தள்ளியிருக்கும். அதில் ஒரு பகுதியை ஐபீஸின் ரப்பர் விளிம்பே விழுங்கிவிடும். மிச்சத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொண்டால் அடாப்டரின் முதல் அளவு, அதாவது தூரம், கிடைத்துவிட்டது. கைப்பேசி லென்ஸில் ஒளி நுழையும் வாய் பெரும்பாலும் முன்கண்ணாடிக்குச் சற்று உள்ளேயே இருப்பதால் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இரண்டாவது, மையம். அந்த ஒளிவட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதற்குச் சுலபமான வகுத்தல் இருக்கிறது: ஸ்கோப்பின் முன்வில்லை விட்டத்தைப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் 4 மி.மீ.; 60 மடங்கு வைத்தால் 1.3 மி.மீ. சொச்சம். கைப்பேசியின் முதன்மை லென்ஸின் வாய் பொதுவாக இரண்டரை முதல் 4 மி.மீ. வரை. 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 20 மடங்கில் 4 மி.மீ. வட்டத்துக்குள் 3 மி.மீ. வாய் முழுதாக அமர வேண்டும். பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் இடம். கையால் பிடித்து எடுக்கும்போது படம் தோன்றித் தோன்றி மறைவது இதனால்தான். அரை மில்லிமீட்டருக்குள் கையை நிறுத்த யாராலும் முடியாது.

மூன்றாவது, சாய்வு. கைப்பேசியின் முதுகு ஐபீஸின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பிசிறியும் வரும்.

எந்த அளவு பிசகியிருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடும். வட்டம் சுருங்கி, ஓரங்களில் நிழல் மிதந்தால் தூரம் தவறு. ஒரே பக்கத்தில் பிறைபோல் கறுத்தால் மையம் தவறு. ஒரு பாதி மட்டும் மங்கினால் சாய்வு. இந்த மூன்றையும் படித்துவிட்டால் எந்த அடாப்டரையும் சரிசெய்துகொள்ளலாம், கடையில் வாங்கியதையும் சேர்த்து.

எல்லாம் சரியாக இருந்தும் கறுப்புச் சட்டத்தின் நடுவே ஒரு வட்டம் மட்டும் தெரிவதைப் பார்த்துப் பலர் அடாப்டர் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். பழுதில்லை. கைப்பேசியின் முதன்மை கேமரா மூலைக்கு மூலை ஏறத்தாழ 80 பாகை பார்க்கும். 20-60 ஜூம் ஐபீஸ் குறைந்த பெருக்கத்தில் ஏறத்தாழ 40 பாகைதான் காட்டும். உயர்ந்த பெருக்கத்தில் 60 பாகை வரை விரியும். குறைந்த பெருக்கத்தில் கைப்பேசியில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலாக ஜூம் செய்தால்தான் சட்டம் நிறையும். உயர்ந்த பெருக்கத்தில் ஒன்றரை மடங்கு போதும். 50 மெகாபிக்சல் சென்சரில் இரண்டு மடங்கு ஜூம் என்பது நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது. அப்போதும் 12 மெகாபிக்சல் மிஞ்சும். ஆகவே தயங்காமல் ஜூம் செய்யலாம். ஜூம் இல்லாத, அகலப் பார்வை கொண்ட 25 அல்லது 30 மடங்கு ஐபீஸ் இருந்தால் இந்தச் சிக்கலே குறைவு. கைப்பேசிக்காகவே ஐபீஸ் தேர்ந்தெடுப்பவருக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அட்டையிலிருந்து குழாய்வரை

எல்லாவற்றுக்கும் எளிய அடாப்டர் இடது கை. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஐபீஸைச் சுற்றி வளையமாக்கி, அந்த வளையத்தின்மேல் கைப்பேசியை அணைத்துப் பிடிப்பது. அடையாளம் காண ஒரு படம் போதுமென்றால் இதுவே போதும். ஒரே பறவையை இரண்டு நிமிடம் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் போதாது.

அடுத்த படி அட்டை. ஐபீஸைச் சுற்றித் தடித்த அட்டையை இறுக்கிச் சுருட்டி ஒட்டி, அதன் வாயில் துளையிட்ட அட்டைத்தட்டை வைத்து, கைப்பேசியை ரப்பர் பேண்டால் கட்டுவது. ஒரு மணி நேர வேலை, செலவு கிட்டத்தட்ட இல்லை. ஈரக்காற்றில் ஊறி ஒரே பருவத்தில் தளர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் முதலில் அட்டையில் செய்துபார்க்காமல் வேறெதிலும் இறங்க வேண்டாம் என்பேன். குழாயை அறுத்துவிட்டு 2 மி.மீ. குறைந்துபோயிற்று என்று கவலைப்படுவதைவிட அட்டையைக் கத்தரியால் நறுக்கிச் சரிபார்ப்பது மேல்.

நீடித்து உழைக்கும் வீட்டு அடாப்டர் என்றால் பிவிசி கப்ளிங்தான். குழாய்க்கடையில் விற்கும் பிவிசி குழாய்கள் 40, 50, 63, 75 மி.மீ. என்று வெளிவிட்டத்தால் குறிக்கப்படுகின்றன. இரண்டு குழாய்களை இணைக்கும் கப்ளிங்கின் உள்விட்டம் அதே அளவு. ஐபீஸின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட ஒரு படி பெரிய கப்ளிங்கை வாங்க வேண்டும். 47 மி.மீ. ஐபீஸுக்கு 50 மி.மீ. கப்ளிங்; 58-க்கு 63. இடைவெளியைச் சைக்கிள் டியூப் ரப்பரோ ஃபெல்ட் துணியோ உள்ளே ஒட்டி நிரப்பலாம். ஒரே பக்கம் தடித்துவிடாமல் சுற்றிலும் சமமாக ஒட்டினால் மையம் தானாக அமையும். கப்ளிங்கின் நடுவே உட்புறம் ஒரு சிறு வரம்பு ஓடுகிறதே, குழாய் அதற்குமேல் போகாமல் தடுப்பதற்காக வைத்தது, அது நமக்கு வரப்பிரசாதம். ஐபீஸின் விளிம்பு அதில் முட்டி நிற்கும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் தூரம் மாறாது. ஐபீஸ் சிறுத்து வரம்பைத் தாண்டிப் போகிறதென்றால், ரப்பர் செருப்பின் அடிப்பாகத்திலிருந்து வளையம் வெட்டி உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

வரம்புக்கு மறுபக்கத்துக் குழாயை, டிரேசிங் தாளில் அளந்த தூரத்துக்கு ஏற்ப அறுக்க வேண்டும். குழாயைச் சுற்றி ஒரு தாள்பட்டையைச் சுருட்டி, அதன் ஓரத்தை ஒட்டிக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே ஆக்சா பிளேடால் அறுங்கள். பிறகு தரை டைல்ஸ்மீது உப்புத்தாளை விரித்து, அறுத்த முகத்தை அதில் வட்டவட்டமாகத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்தத் தேய்ப்பில் சோம்பல்பட்டால் மூன்றாவது அளவு போய்விடும். முகம் சமமானதா என்று பார்க்க, டைல்ஸ்மேல் நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் போதும். எங்காவது வெளிச்சம் கசிகிறதென்றால் இன்னும் தேய்க்க வேண்டும்.

இனி கைப்பேசிப் பக்கம். குழாயை நேராகக் கைப்பேசியில் ஒட்டுவார் யாருமில்லை. அதற்கொரு பின் கவர் வேண்டும். வழவழப்பான சிலிக்கான், டிபியு கவர்களில் எந்தப் பசையும் நிற்காது. கெட்டியான பாலிகார்பனேட் கவர்தான் தேவை. கவரின் முதுகையும் குழாயின் முகத்தையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்சியால் ஒட்ட வேண்டும். ஃபெவிக்விக் இந்த வேலைக்குச் சனியன். நொடியில் பிடித்துக்கொள்வதால் நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை; அதன் ஆவி பக்கத்திலுள்ள கண்ணாடிமீது வெள்ளைப் படலமாகப் படியும். லென்ஸுக்கு அருகில் அந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

ஒட்டுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை இது. குழாயை ஐபீஸில் மாட்டுங்கள். ஸ்கோப்பைத் தொலைவிலுள்ள வெளிச்சமான சுவரை நோக்கி நிறுத்துங்கள். கைப்பேசியைக் கவருக்குள் போட்டு, கேமராவைத் திறந்து, குழாய்முகத்தில் வைத்து மெல்ல நகர்த்துங்கள். திரையில் வட்டம் முழுமையாகி, ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கூர்மையானதும் அசையாமல் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக் குழாயைச் சுற்றிக் கவரில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கைப்பேசியை வெளியே எடுத்த பிறகே பசை. எபாக்சி இறுகுவதற்குள் ஒருமுறை எல்லாம் கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். கடைசியாகக் குழாயின் உட்புறத்துக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடியுங்கள், அல்லது கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டுங்கள். வெள்ளைப் பிவிசியை அப்படியே விட்டால் உள்ளே சிதறும் ஒளி படத்தை வெளிறடித்துவிடும்.

இப்படி ஒட்டியது ஒரு கைப்பேசிக்கு மட்டுமே உதவும் என்பதால்தான் இரண்டு உறுப்பாகச் செய்யச் சொன்னேன். ஐபீஸில் மாட்டும் கப்ளிங் ஒன்று. கவரில் ஒட்டிய குட்டைக் குழாய்த்துண்டு இன்னொன்று. குட்டைத்துண்டு கப்ளிங்குக்குள் இறுக்கமாக நுழைந்து நிற்கும். 50 மி.மீ. கப்ளிங்கில் 50 மி.மீ. குழாய் நுழையத்தானே செய்யப்பட்டிருக்கிறது! புதுக் கைப்பேசி வாங்கினால் புதுக் கவரும் ஒரு விரற்கடைக் குழாயும் போதும். அமெரிக்காவின் ஃபோன் ஸ்கோப் நிறுவனம் விற்கும் அடாப்டர்களும் கைப்பேசிக்கு ஒரு கவர், ஐபீஸுக்கு ஒரு வளையம் என்று இந்த இரண்டு பகுதி ஏற்பாட்டில்தான் வருகின்றன. காசு கொடுத்து வாங்குபவர்கள் இந்த வகையை வாங்குவது புத்திசாலித்தனம்.

குழாயை விரிக்க வேண்டியிருந்தால் கொதிக்கும் நீரில் சில நிமிடம் போட்டால் இளகும். அடுப்புத் தீயில் காட்டுபவர்கள் உண்டு. கருகும் பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அது நுரையீரலுக்குக் கேடு. வேண்டாம்.

பலகையிலும் அக்ரிலிக் தகட்டிலும் பள்ளம் வெட்டிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தச்சு வேலை தெரிந்தவர் செய்தால் அழகாக வரும். எடை கூடும் என்பதைத் தவிர குறையில்லை.

முப்பரிமாண அச்சு இன்று பல ஊர்களில் கிடைக்கிறது. அடாப்டர் வடிவங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கின்றன. மில்லிமீட்டருக்குக் கீழே அளவு பிடிக்கலாம் என்பது பெரிய வசதி. அச்சிடுபவர் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை மட்டும் மறுத்துவிடுங்கள். அது 60 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும். பிஇடிஜி 80 பாகையையும் ஏபிஎஸ் 100 பாகையையும் ஒட்டித் தாங்கும். நம்மூர் வெயிலுக்கு இவைதான் சரி.

எந்தக் கைப்பேசிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் மலிவான கவ்விகளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணம் இல்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதிலும் உறுதியாக நிற்பதில்லை. பை அதிர்ந்தால் மையம் நகர்ந்துவிடும். மூன்று திசையிலும் திருகி நகர்த்தக்கூடிய செலஸ்ட்ரான் நெக்ஸ்ஒய்இசட் போன்றவை இதற்கு விலக்கு. நிலாவையும் கோள்களையும் நிதானமாகப் படமெடுப்பவர்களுக்கு அவை பொருத்தமானவை. பறவை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

பறவைகளுக்கு வெளியேயும் இதே கைவேலை நடந்திருக்கிறது. விழித்திரையைக் கைப்பேசியில் படமெடுப்பதற்கு எளிய பொருள்களால் வீட்டிலேயே கருவி செய்துகொள்ளும் முறையைக் கேரளத்துக் கண் மருத்துவர்கள் 2016-இல் இந்தியக் கண் மருத்துவ ஆய்விதழில் வெளியிட்டார்கள். அங்கும் காரியம் ஒன்றுதான்: வில்லைக்கும் கைப்பேசிக்கும் நடுவே தூரத்தையும் மையத்தையும் கை நடுங்காமல் நிறுத்துவது.

கைப்பேசியின் குறும்புகள்

அடாப்டர் சரியாக அமைந்த பிறகு தொல்லை தருவது கைப்பேசியின் சொந்தப் புத்தி. நீங்கள் ஜூம் செய்ததும் அது உங்களைக் கேட்காமல் பக்கத்து டெலி லென்ஸுக்குத் தாவும். அந்த லென்ஸின் எதிரே ஐபீஸ் இல்லை, குழாயின் சுவர்தான் இருக்கிறது. திரை கறுத்துவிடும். வெளிச்சம் மாறும்போதும் கிட்டப் பொருள் என்று அதற்குத் தோன்றும்போதும் இதே கதை. லென்ஸைப் பூட்டிவைக்கும் வசதி கேமராவின் ‘ப்ரோ’ பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வசதியுள்ள வேறு கேமரா செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபோகஸை முடிந்தவரை ஸ்கோப்பின் வளையத்தில் பிடித்து, கைப்பேசியில் பூட்டிவிடுவது நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் தேடினால் எதுவும் நிலைக்காது.

காந்தம் வைத்து மாட்டும் யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். சுலபம்தான். ஆனால் பல கைப்பேசிகளில் ஃபோகஸும் அதிர்வு தணிப்பும் சின்னஞ்சிறு காந்தங்களாலும் அவற்றை உணரும் உணரிகளாலும் நடக்கின்றன. லென்ஸுக்குப் பக்கத்தில் வலுவான காந்தத்தைக் கொண்டுபோனால் அவை தடுமாறும்.

இன்னொரு குறும்பு கொஞ்சம் ஆபத்தானது. இன்றைய கைப்பேசிகள் மங்கலான இடத்தைத் தாமாகவே கூர்மையாக்கிக் காட்டுகின்றன. 2023-இல் சாம்சங் கைப்பேசிகளின் நிலாப் படங்கள் பற்றி எழுந்த சர்ச்சை நினைவிருக்கலாம்: வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து எடுத்தபோதும், மூலத்தில் இல்லாத விவரங்கள் படத்தில் வந்தன. நிலாவுக்கு இது வேடிக்கை. கால்கொடியின் எழுத்துக்கு இது பொய்ச்சாட்சி. தெளிவற்ற ‘சி’யைக் கைப்பேசி அழகான ‘ஜி’யாகத் தீட்டிக் கொடுத்தால் ஒரு பறவையின் பயண வரலாறே மாறிப்போகும். ஆகவே கொடி படிப்பதற்கு ‘ரா’ வடிவத்தில் எடுங்கள், அல்லது 4கே வீடியோ எடுங்கள். 4கே வீடியோவின் ஒவ்வொரு சட்டமும் 8 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். பறவை தலையைத் திருப்பி, காலை மாற்றி, நீரிலிருந்து வெளியே வரும் ஒரு கணம் அதில் எப்படியும் சிக்கும். பல சட்டங்களில் ஒரே எழுத்து தெரிந்தால்தான் நம்ப வேண்டும்.

ஷட்டரை விரலால் தொட்டால் 40 மடங்கில் பூகம்பம்தான். இரண்டு நொடி டைமரோ, பத்திருபது அடியிலிருந்து இயங்கும் புளூடூத் பொத்தானோ போதும். பழைய இயர்போனின் ஒலிப் பொத்தானே பல கைப்பேசிகளில் ஷட்டராக வேலை செய்யும்.

அடாப்டரால் ஆகாதவை

பெருக்கத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். முன்பு சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைக்கும்போது கேமராவின் 3 மி.மீ. வாய் முழுதும் ஒளி நிறைகிறது. 60 மடங்கில் 1.3 மி.மீ. வட்டம்தான் நுழைகிறது, பரப்பளவில் ஐந்தில் ஒரு பங்கு. கைப்பேசி இதை ஈடுகட்ட ஷட்டரை மெதுவாக்கும் அல்லது ஐஎஸ்ஓவை ஏற்றும். இரண்டிலும் படம் கெடும். 26 மி.மீ. லென்ஸுக்கு நிகரான கைப்பேசியும் 20 மடங்கும் சேர்ந்தால் 520 மி.மீ.; 60 மடங்கில் 1560 மி.மீ. அந்தப் பெரிய எண் ஆசைகாட்டும். 25-லிருந்து 40 மடங்குக்குள் நிற்பவர்களின் படங்கள்தான் பார்க்கும்படி இருக்கின்றன.

அதைவிடப் பெரிய எதிரி கானல். வேதாரண்யம் உப்பளங்களில் வெயில் ஏறிவிட்டால் தரையை ஒட்டிய காற்று கொதித்து நெளியும். பழவேற்காட்டிலும் பள்ளிக்கரணையிலும் இதே நிலைதான். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்கோப்பும் அதை ஊடுருவாது. விடிந்ததிலிருந்து வெயில் உறைக்கும்வரை, பிறகு மாலையில். இடைப்பட்ட நேரத்தில் எடுப்பது நினைவுக்காக மட்டும்.

ஸ்கோப்பின் உடலமைப்பும் கணக்கில் வரும். 45 பாகை வளைந்த ஐபீஸ் உள்ள ஸ்கோப்பில் கைப்பேசி தன் எடையாலேயே ஐபீஸ்மீது உட்காரும். வெறுமனே நுழைத்து வைத்தாலே நிற்கும். நேர் ஸ்கோப்பில் கைப்பேசி பின்னால் தொங்கும்; ஒரு கவ்வியோ பட்டையோ இல்லாவிட்டால் சேற்றில் விழும். எந்த வகையிலும் பின்பக்கம் எடை கூடி மூக்கு மேலே தூக்கும் என்பதால் முக்காலியின் தலையில் ஸ்கோப்பைச் சற்று முன்தள்ளிப் பொருத்த வேண்டும். ஜூம் வளையத்தின் மேலேயே அடாப்டரை இறுக்கிவிட்டால் ஜூம் செய்யும்போதெல்லாம் கைப்பேசியும் சேர்ந்து சுழலும். சுழலாத பகுதி எது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ஒரு சூப்பர்ஜூம் கேமரா வாங்கினால் என்ன? நியாயமான கேள்வி. நிகான் பி900 2015-இல் 2000 மி.மீ. வரை நீளும் லென்ஸோடு வந்தது; 2018-இல் பி1000 அதை 3000 ஆக்கியது. பறக்கும் பறவை, மரக்கிளையில் தாவும் பறவை என்று எதையும் சட்டென்று பிடிக்க வேண்டுமென்றால் அவைதான் சரி. ஸ்கோப்போடு போட்டிபோட அவற்றாலோ அவற்றோடு போட்டிபோட ஸ்கோப்பாலோ முடியாது, வேலை வேறு. வேடந்தாங்கல் கரையில் நின்று மரத்துக் கூடுகளைப் பார்ப்பவருக்கு ஸ்கோப்பே அவசியமில்லை. சேற்றுவெளியில் ஆயிரம் உள்ளான்களையும் மூக்கன்களையும் மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகத் துழாவுபவரிடம் ஸ்கோப் ஏற்கெனவே இருக்கிறது. அவருக்குத்தான் இந்தக் குழாய்த்துண்டு. ஸ்கோப் இல்லாதவர் கைப்பேசிப் படத்துக்காக ஒன்றை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்துமுடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொடியோ வளையமோ கட்டிய பறவை சிக்கினால் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டு விருப்பக்குறி எண்ணுவதோடு நிற்காதீர்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தேதி, இடம், கொடியின் நிறம், எழுத்து ஆகியவற்றை அனுப்புங்கள். எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, இரண்டு கொடி இருந்தால் எந்த நிறம் மேலே என்பதையும் எழுதுங்கள். எழுத்து சரியாகத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதி, வீடியோவையும் சேர்த்து அனுப்புங்கள்.